மறைமலை நகர் ஃபோர்டு: வந்தது, போனது, மறுபடி வருவது

திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் மறைமலை நகர் வந்துவிடும். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் பெயரில் அமைந்த ஊர். வேதாசலம் என்ற தன் பெயரையே வடமொழி என்று மாற்றிக்கொண்டவர் அவர். அவர் பெயர் தாங்கிய ஊருக்கு இருபது வருடத்துக்கு மேலாக அடையாளமாக இருந்தது ஃபோர்டு என்ற அமெரிக்கப் பெயர். பஸ் கண்டக்டர்கள் கூட "ஃபோர்டு ஸ்டாப்பிங் இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அடிகளார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்தத் தொழிற்சாலை 2022-ல் மூடப்பட்டது. மறுபடி திறக்கப்போகிறது என்று இப்போது செய்தி வந்திருக்கிறது. நம் பாகூர் கொம்யூனிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்கள் வேலை தேடிப் போகிற பக்கம் அதுதான். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். அதனால் இந்தக் கம்பெனியின் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன்.

ஹென்றி ஃபோர்டு 1863-ல் பிறந்த விவசாயி மகன். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம். கார் கம்பெனி ஆரம்பித்து இரண்டு முறை சரிப்பட்டு வரவில்லை. அதில் இரண்டாவதை விட்டு அவர் வெளியேறிய பிறகு, அதே கம்பெனி காடிலாக் என்ற பெயரில் பணக்காரர்களுக்குக் கார் செய்து பேர் வாங்கியது. மூன்றாவது முயற்சிதான் 1903 ஜூன் மாதம் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனி. 1908-ல் மாடல் டி என்ற காரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு கார் என்பது பிரபுக்கள் பொழுதுபோக்கு. மண் ரோட்டில் ஓடவும், பழுதானால் விவசாயியே ஸ்பானர் எடுத்துச் சரிசெய்யவும் முடிகிற வண்டியாக மாடல் டி இருந்தது. நம் ஊரில் டிராக்டருக்கும் டில்லருக்கும் இருக்கிற மரியாதை அங்கே அந்தக் காருக்கு இருந்தது.

1913-ல் அவர் செய்ததுதான் உலகத்தையே மாற்றியது. ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வேலை செய்வதற்குப் பதிலாக, ஆள் நின்ற இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்து அவனிடம் வரும்படி ஏற்பாடு செய்தார். ஒருவன் போல்ட்டைச் செருகுவான், அடுத்தவன் நட்டைப் போடுவான், அதற்கடுத்தவன் முறுக்குவான். ஒரு வண்டியைச் சேர்க்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. 850 டாலருக்கு விற்க ஆரம்பித்த வண்டி 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் நாள் முழுக்க ஒரே நட்டை முறுக்குகிற வேலை யாருக்குப் பிடிக்கும்? ஆட்கள் சேர்ந்த வேகத்தில் ஓடினார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்று அறிவித்தார். இதைத் தரும காரியம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் நிலைத்து நின்றால்தான் லைன் ஓடும் என்ற கணக்கு அது. அதே மனிதர் தொழிற்சங்கம் என்றால் வேப்பங்காயாகக் கசந்தார். 1937-ல் சங்கத் துண்டறிக்கை கொடுக்க வந்தவர்களைக் கம்பெனி ஆட்கள் பாலத்தின் மேலேயே அடித்துப்போட்டார்கள். 1941-ல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது ஃபோர்டு.

மாடல் டி ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. ஆனால் காலம் மாறுவதை ஹென்றி ஃபோர்டு பார்க்க மறுத்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் விதவிதமான மாடல், விதவிதமான நிறம் என்று இறக்கியது. இவர் பழைய வண்டியையே கட்டிக்கொண்டு அழுதார். 1927-ல் மாடல் டி-யை நிறுத்தி, புது மாடலுக்காக மாதக்கணக்கில் தொழிற்சாலையை மூடிவைக்க வேண்டி வந்தது. முதலிடம் கைநழுவிப் போனது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். ஃபோர்டு இந்தியாவுக்கு வந்தது 1995-ல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய எழுபது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1926-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆஃப் இந்தியா பதிவானது. இதற்குத் தாய்க் கம்பெனி அமெரிக்க ஃபோர்டு அல்ல, கனடா ஃபோர்டு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் விற்கிற உரிமை கனடாவிடம் இருந்ததால் அந்த வழி. பெட்டிகளில் பாகங்கள் கப்பலேறி வரும். பம்பாய், கல்கத்தா, மதராஸ் நகரங்களில் அவற்றைச் சேர்த்து வண்டியாக்கி விற்றார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ லாரிகளும் இப்படிச் சேர்க்கப்பட்டன.

சுதந்திரம் வந்ததும் அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டது. பாகம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தால் இங்கே தொழில் எப்படி வளரும்? உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே சேர்த்து விற்பவர்கள் கிளம்பலாம் என்று 1953-ல் முடிவானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அப்போது நாம் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தோம். டெல்லியின் இந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. அடுத்த வருடம் 1954 நவம்பர் 1-ல் நாம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அம்பாசடரும் ஃபியட்டும்தான் நமக்கும் கார்.

மூன்றாவதாக ஸ்டாண்டர்டு இருந்தது. இதைச் சொல்லாமல் போனால் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கதை முழுமையாகாது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஹெரால்டு கார் செய்தார்கள். இரண்டு கதவு வைத்த அந்தச் சின்னக் கார் வந்தால் டாக்டர் வருகிறார் என்று அர்த்தம், அப்படி ஒரு காலம். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய வண்டி ஒன்றை இறக்கினார்கள். பழைய எஞ்சின், குடிக்கிற பெட்ரோலோ அதிகம். அதற்கு இரண்டு வருடம் முன்பே மாருதி 800 வந்துவிட்டதே, யார் வாங்குவார்கள்? 1988-ல் மூடிவிட்டார்கள். அதே ரோட்டில், அங்கிருந்து சில மைல் தெற்கே, பத்து வருடம் கழித்து ஃபோர்டு வந்து உட்கார்ந்தது.

1991-க்குப் பிறகு நரசிம்ம ராவ், மன்மோகன் சிங் காலத்தில் கதவு திறந்தது. மஹிந்திரா கம்பெனியோடு சரிபாதி கூட்டாக 1995-ல் ஃபோர்டு திரும்பி வந்தது. தொழிற்சாலையை எங்கே போடுவது என்று மகாராஷ்டிராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் போட்டி. மஹிந்திராவோ பம்பாய்க் கம்பெனி. ஆனாலும் ஜெயலலிதா ஆட்சியில் நிலம், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் கொடுத்து இங்கே இழுத்துவிட்டார்கள். கட்டி முடித்து வண்டி வெளிவந்தபோது கருணாநிதி ஆட்சி. அதனால் இரண்டு கட்சிக்காரர்களும் "நாங்கள்தான் கொண்டுவந்தோம்" என்று இன்றுவரை சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த ஒரு விஷயத்தில் ஆட்சி மாறினாலும் போக்கு மாறவில்லை. அதைக் கண்டுதான் 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, பின்னால் ஒரகடத்துக்கு ரெனோ நிசான் வந்தது. ஃபோர்டோடு அதற்குப் பாகம் செய்து கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளும் வந்து அக்கம்பக்கத்தில் இடம் பிடித்தன. ஆசியாவின் டெட்ராய்ட் என்று சென்னைக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

ஃபோர்டு இங்கே கொண்டுவந்த முதல் கார் எஸ்கார்ட். 1996-ல் மஹிந்திராவின் நாசிக் தொழிற்சாலையில் செய்தது. ஐரோப்பாவில் பழசாகிப்போன மாடல். இங்கேதான் எனக்கு வியப்பு. ஏழைக்கும் கார் என்ற எண்ணத்தை உலகத்துக்குக் கொடுத்த கம்பெனி, கார் வாங்க அப்போதுதான் காசு சேர்த்துக்கொண்டிருந்த நாட்டுக்கு வரும்போது சின்னக் கார் ஒன்றைக் கையில் எடுத்து வரவில்லை. யாருக்கும் பெயர் தெரியாத கொரியாக்காரன் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோ என்ற குட்டிக் காரோடு வந்தான். உயரமான கூரை, குடும்பமே ஏறி உட்காரலாம். ஷாருக் கான் விளம்பரம் வேறு. ஹென்றி ஃபோர்டு செய்திருக்க வேண்டியதை ஹூண்டாய் செய்தது.

1998-ல் மஹிந்திராவின் பங்கைக் குறைத்துத் தன் பங்கை 72 சதவீதம் ஆக்கிக்கொண்டது ஃபோர்டு. 1999 கடைசியில் மறைமலை நகரிலிருந்து ஐக்கான் வந்தது. இது இந்தியாவுக்கென்றே செய்த கார். நல்ல எஞ்சின், ஓட்டுகிறவனுக்கு உற்சாகம். தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று ஏற்றுமதியும் ஆனது. நம் புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பி.ஒய். நம்பர் பிளேட்டோடு ஐக்கான்கள் நிறையவே ஓடின. ஆனால் "ஃபோர்டா? ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி மாளாது" என்ற பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. பிற்காலத்தில் பராமரிப்புச் செலவைக் குறைக்கக் கம்பெனி எவ்வளவோ செய்தும் அந்தப் பெயர் போகவில்லை. நம் ஊரில் கார் வாங்குகிறவர் ஷோரூமில் கேட்பதற்கு முன் மெக்கானிக்கிடம் கேட்பார். மாருதிக்கு ஒவ்வொரு சின்ன டவுனிலும் மெக்கானிக் இருந்தார்.

2006-ல் அமெரிக்காவில் தாய்க் கம்பெனியே தள்ளாடியது. அந்த ஒரு வருடத்தில் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டு, என்னால் முடியவில்லை என்று ஒதுங்கிக்கொண்டு, விமானம் செய்கிற போயிங் கம்பெனியிலிருந்து ஆலன் முலாலி என்பவரை அழைத்துவந்து தலைமையில் உட்காரவைத்தார். வெளியாளைக் கூப்பிட அந்தக் குடும்பத்துக்கு மனசு வந்ததே பெரிய விஷயம். முலாலி சொத்தையெல்லாம் அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் கடன் வாங்கினார். தொழிற்சாலை, காப்புரிமை மட்டுமல்ல, அந்த நீல முட்டை வடிவ ஃபோர்டு சின்னத்தையே அடகு வைத்தார்கள். தாலியை அடகு வைத்துக் கடை நடத்துவது போல. 2008-ல் ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் டாடாவுக்கு 230 கோடி டாலருக்கு விற்றார்கள். 1999-ல் டாடா தன் கார் தொழிலை விற்க டெட்ராய்ட் போனபோது ஃபோர்டு அதிகாரிகள் ஏளனமாகப் பேசினார்கள் என்று டாடா அதிகாரி ஒருவர் பின்னாளில் மேடையில் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருடத்தில் சக்கரம் சுற்றிவிட்டது.

2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசாங்கப் பணத்தில் பிழைத்தன. முன்கூட்டியே கடன் வாங்கி வைத்திருந்த ஃபோர்டு அந்த உதவி வாங்காமல் கரையேறியது. 2012-ல் அடகு வைத்த சின்னத்தையும் மீட்டுக்கொண்டது.

அந்த நல்ல காலத்தின் காற்று மறைமலை நகரிலும் வீசியது. 2009 செப்டம்பரில் முலாலியே இந்தியா வந்து ஃபிகோ காரைக் காட்டினார். 2010 மார்ச்சில் மூன்றரை லட்சத்துக்குள் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தது. வந்து பதினைந்து வருடம் கழித்துச் சின்னக் கார்! 2013-ல் ஈகோஸ்போர்ட் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கி, பார்வைக்கு ஜீப் போலப் பெரிதாக நின்ற கார். வாங்க வரிசையில் நின்றார்கள். இன்று எல்லாக் கம்பெனியும் விற்கிற குட்டி எஸ்.யு.வி.களுக்கு வழி காட்டியது அதுதான். 2018 முதல் அமெரிக்கர்கள் ஓட்டிய ஈகோஸ்போர்ட்டும் மறைமலை நகரில் செய்ததுதான். டெட்ராய்ட்காரனுக்கு நம் செங்கல்பட்டுப் பையன்கள் கார் செய்து அனுப்பினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான்.

அந்தச் சூட்டிலேயே பெரிதாகச் செலவு செய்தார்கள். 100 கோடி டாலர் போட்டு குஜராத்தில் சானந்தில் இன்னொரு தொழிற்சாலையை 2015-ல் திறந்தார்கள். சென்னையில் வருடத்துக்கு 2 லட்சம் கார், சானந்தில் 2 லட்சத்து 40 ஆயிரம். இத்தனை கார் செய்ய இடம் இருந்தது, விற்கத்தான் வழியில்லை. ஈகோஸ்போர்ட்டைப் பார்த்து மாருதி பிரெஸ்ஸா வந்தது, ஹூண்டாய் வென்யூ வந்தது. ஃபோர்டு மட்டும் அதே ஈகோஸ்போர்ட்டை முன்பக்கம் கொஞ்சம் மாற்றி வருடக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. மாடல் டி-யைக் கட்டிக்கொண்டு அழுத பெரியவரின் குணம் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2019 அக்டோபரில் மறுபடி மஹிந்திராவோடு கூட்டு என்று அறிவித்தார்கள். கொரோனா வந்தது. 2020 டிசம்பர் 31-ல் அந்தக் கூட்டு ரத்தானது. சந்தையில் ஃபோர்டின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது.

2021 செப்டம்பர் 9-ல் அறிவிப்பு வந்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம், 4,000 பேர் வேலை பாதிக்கப்படும். அதே வருடம் ஜனவரியில் பிரேசிலிலும் இப்படியே அறிவித்திருந்தார்கள். அங்கே நூறு வருடம் இருந்த கம்பெனி. நம் மேல் தனிக் கோபம் எதுவும் இல்லை என்பது ஆறுதலா, வருத்தமா தெரியவில்லை.

தொழிலாளர்கள் பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டு பெயர் வந்தது. மின்சாரக் கார் செய்து ஏற்றுமதி செய்யப்போகிறார்கள், ஆலை பிழைக்கும் என்று நம்பிக்கை பிறந்தது. மே மாதம் அந்த யோசனையைக் கைவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். மே 30-ல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான இழப்பீடு. ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது. 1999-ல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பத்து மூன்று. வீட்டுக்கடன் பாதி முடிந்திருக்கும், பிள்ளைகள் காலேஜுக்கு நிற்பார்கள். அந்த வயதில் புது கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் இருபத்திரண்டு வயதுப் பையன் உட்கார்ந்திருப்பான், பாதிச் சம்பளத்துக்குத் தயாராக. தொழிற்சாலை வரும்போது நிலமும் வரிச்சலுகையும் எத்தனை வருடம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். போகும்போது ஆட்களுக்கு என்ன என்பதையும் அதே பத்திரத்தில் அன்றைக்கே எழுதி வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

சானந்த் தொழிற்சாலையை டாடா 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு வாங்கி 2023 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. மறுபடியும் டாடா! மறைமலை நகரை வாங்க ஜிண்டால் குடும்பத்தின் ஜே.எஸ்.டபிள்யூ. பேசியது. கடைசி நேரத்தில் ஃபோர்டு விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று அப்போது எல்லோரும் யூகித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் ஃபோர்டு சென்னையை முழுசாக விட்டுப் போகவும் இல்லை. கம்ப்யூட்டர், வடிவமைப்பு, கணக்கு வேலைகளில் 12,000 பேர் வரை தமிழ்நாட்டில் அதற்கு இருந்தார்கள். நீலச்சட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள், லேப்டாப்காரர்கள் இருந்தார்கள்.

2024 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்தபோது ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்தார். சில நாளில் மறைமலை நகரை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்த விருப்பம் என்று கடிதம் கொடுத்தார்கள். பிறகு ஒரு வருடம் சத்தமே இல்லை. டிரம்ப் வரி போட்டதும், இனி வராது என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 2025 அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு 3,250 கோடி ரூபாய். கார் அல்ல, எஞ்சின். வருடத்துக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் எஞ்சின்கள். 2029-ல் உற்பத்தி தொடங்கும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும்.

செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் "ஃபோர்டு திரும்பியது, இனி எண்டெவர் வாங்கலாம்" என்று ஒரே கொண்டாட்டம். அவசரப்பட வேண்டாம். இங்கே கார் விற்கப்போவதாக அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்குப் பாகமும் சர்வீஸும் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது, அவ்வளவுதான். 600 வேலை என்பதையும் பழைய ஆயிரக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் பழைய ஆட்களுக்கு எத்தனை என்பதுதான் நான் கவனிக்கப்போவது. எஞ்சினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. 2029-ல் அந்த 1999 பையனுக்கு வயது ஐம்பது ஆகியிருக்கும். ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் பாக்கி.